மூன்றாவது வரி

காலை ஒன்பது பத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல். பதினொன்றாகியும் கணினித் திரையில் அதே பதில்தான்: 'இன்னும் படிக்கவில்லை.' ஓக்ஜு பக்கத்தைப் புதுப்பித்தாள். மறுபடியும் அதேதான்.

கம்பெனி அஞ்சலில் அந்த வசதி உண்டு. அனுப்பியதைப் பெற்றவர் திறந்தாரா, எத்தனை மணிக்குத் திறந்தார் என்று காட்டிவிடும். திறக்காதவரை பக்கத்தில் 'திரும்பப் பெறு' என்றொரு பொத்தான் இருக்கும். திறந்துவிட்டால் அதுவும் போய்விடும். சியோலில் அலுவலகம் போகிறவர்களில் பாதிப் பேருக்கு வயிறு கெடுவது இந்தப் பக்கத்தால்தான்.

அவள் அனுப்பியது ராஜினாமா. அடுக்குமாடிகளின் இயந்திர அறைகளில் மூன்று மாதம் ஏறி இறங்கி, லிஃப்ட் பழுதுகளைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை நேற்று ஜுன்மோ பெயரில் இயக்குநரிடம் போயிருந்தது. ஜுன்மோ இயக்குநரின் அக்கா மகன். லிஃப்டில் ஏறத் தெரியும், அவ்வளவுதான். பெயரை மாற்றியவர் துறைத் தலைவர் தாக்.

"பூஜாங்நிம் திறந்துட்டாரா?" பக்கத்து மேசை மிராங் எட்டிப் பார்த்தாள். துறைத் தலைவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இல்ல."

"மௌஸைக் கொஞ்சம் விடுங்கக்கா, செத்துரப் போகுது. பொத்தான் இன்னும் இருக்குல்ல? திரும்ப எடுத்துருங்க. அடுத்த மாசம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"மாட்டேன்."

வாய்தான் சொன்னது. திரையில் அம்புக்குறி அந்தப் பொத்தான் மேலேயே போய்ப் போய் நின்றது. மதியம் கிம்ச்சிக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை. எதிர் வரிசையில் தாக் இரண்டாவது கிண்ணம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் கணினியையே திறக்கமாட்டாரா?

ஐந்து நாற்பதுக்கு அவரே வந்து மேசைத் தடுப்பின் மேல் கையை ஊன்றினார். அவளைக் குடும்பப் பெயரோடு 'தேரி' என்ற பதவியையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"நம்கூங் தேரி, காலையிலயே பாத்துட்டேன்."

"படிக்கலன்னுதானே காட்டுது?"

"பட்டியல்ல முதல் ரெண்டு வரி தெரியுமே. திறந்தா உன்னால திரும்ப எடுக்க முடியாதுன்னுதான் நாள் பூரா கை வைக்காம இருக்கேன். ஆறு மணி வரைக்கும் நேரமிருக்கு, எடுத்துக்கம்மா. நீயும் எதையும் அனுப்பல, நானும் எதையும் பாக்கல."

ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நல்லவரா? அடுத்த கணம் கோபம் திரும்பி வந்தது. அவள் எழுதியதை அரைகுறையாகப் பார்த்து ஓரமாக வைப்பதுதான் இவருக்குப் பழக்கமாயிற்றே!

"காரணம் மூணாவது வரியில இருக்கு, பூஜாங்நிம். திறந்து படிங்க."

அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் இடத்துக்குப் போனார். ஓக்ஜு புதுப்பித்தாள். 'படித்தார், 5:48.' பொத்தானைக் காணோம். மூன்றாவது வரியில் இருந்தது இவ்வளவுதான்: 'என் பெயரை அடித்தது நீங்கள் என்பதால் போகிறேன்.'



5:57க்குப் புது அஞ்சல் ஒன்று வந்தது. தாக் அனுப்பியது. பட்டியலில் இரண்டு வரி தெரிந்தது: 'அறிக்கையை உங்கள் பெயரில் இயக்குநருக்கு இப்போது மறுபடி அனுப்பிவிட்டேன். நான் செய்தது...' அதோடு அறுந்திருந்தது. ஓக்ஜுவின் விரல் மௌஸ் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் 'டிக்' என்றது. சற்று விட்டு மறுபடி 'டிக்'. அவர் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

அவள் கணினியை அணைத்துக் கோட்டை மாட்டினாள். தாக் பாதி எழுந்து நின்றார்.

"நம்கூங் தேரி, உங்களுக்கு ஒண்ணு அனுப்பியிருந்தேனே..." பேச்சில் முதல் முறையாக 'உங்களுக்கு' என்றார்.

"ரெண்டு வரி பாத்தேன், பூஜாங்நிம். மிச்சத்தை நாளைக்குக் காலையில வந்து படிக்கிறேன்."

லிஃப்ட் கதவு மூடும்வரை அந்த 'டிக் டிக்' கேட்டுக்கொண்டே இருந்தது.