இரண்டாம் படிக்கு மேலே இருக்க வேண்டிய பெட்டி

1.

இந்தக் கதை கதையாகத் தொடங்கவில்லை, புகார்க் கடிதமாகத் தொடங்கியது. அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு முறையாகத்தான் எழுதினேன். பொருள்: தங்கள் பக்க அமைப்பு மென்பொருள் என் புத்தகத்தின் படங்களைத் தன் இஷ்டத்துக்குக் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது குறித்து. மூன்றாம் பத்தியில் 'வெட்கமாக இல்லையா?' என்று கேட்டிருந்தேன். ஒரு மென்பொருளைப் பார்த்து.

கம்பெனி பதில் போடவில்லை. அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் அதே கடிதத்தை ஒட்டினேன். ஒரு பெண் பதில் எழுதினாள்.

"ஐயா, திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்க. நகல்ல பாதியை வெட்டுங்க. கோளாறு இன்னும் இருக்கா? இருந்தா மிச்சத்துலயும் பாதியை வெட்டுங்க. போயிடுச்சுன்னா வெட்டின பாதியிலதான் இருக்கு, அதை எடுத்து வெட்டுங்க. கடைசியில ரெண்டு வரி மிஞ்சும். கோளாறு அங்க உக்காந்திருக்கும்."

வெட்டினேன். மிஞ்சியது ஒரு படம். அதன் அமைப்புகளில் ஒரு டிக்: 'இடம் போதாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகரலாம்.' யாரிடமோ இரவல் வாங்கிய முன்மாதிரி ஃபைலோடு வந்து சேர்ந்த டிக். எடுத்தேன். படங்கள் வீடு திரும்பின.

நன்றி சொல்லிவிட்டு, இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபத்தை இனி யார்மேல் இறக்குவது என்று கேட்டேன். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இறக்க இடமில்லாம" என்று எழுதினாள். பிறகு ஃபோனில் முழுவதும் சொன்னாள். கதையாக எழுதட்டுமா என்றேன்.

"எழுதுங்க. ஆனா சாஃப்ட்வேர் மேல பழியைப் போட்டு முடிச்சீங்க, உங்க ஃபைல் ஒண்ணைக்கூட இனிமே தொட மாட்டேன்."

2.

முதல் தொடக்கம்: 'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், விழிகளில் சோகம் ததும்ப, அவள்—'

மழை தூறவில்லை. விழிகளில் ஒன்றும் ததும்பவில்லை. மூக்குக் கண்ணாடியில் கைரேகை இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: 'மனித வாழ்க்கையும் ஒரு பக்க அமைப்புதானே? அதில் எத்தனை எத்தனை—'

இதை எழுதியபோது பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் என்னை அறைந்திருக்கலாம்.

நேராகவே சொல்கிறேன். பேக்கரிகளுக்கு மாவு பிசையும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனி. இயந்திரத்தோடு போகும் கையேட்டைப் பக்கம் அமைப்பது அவள் வேலை. கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அவள் அறை. மேசையின் ஒரு கால் குட்டை, அதற்குப் பழைய கையேடுதான் முட்டு. எல்லாருக்கும் அவள் 'கையேட்டக்கா', அவளைவிட வயதில் மூத்த காவலாளிக்கும்கூட.

அந்தக் கையேட்டில் ஒரு பக்கம்:

சுத்தம் செய்யும் முறை
படி 1: 'நிறுத்து' பொத்தானை அழுத்தவும்.
படி 2: மூடியைத் திறந்து, ஒட்டியிருக்கும் மாவைக் கையால் வழித்தெடுக்கவும்.
படி 3: பிசையும் கொக்கியை இறுகப் பிடித்து, இடப்பக்கமாகத் திருகிக் கழற்றவும்.

(படி 2-க்கு மேலே சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கைப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். என் ஃபைலில் இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் தாளில் இல்லையென்றால் நான் பொறுப்பல்ல. சாஃப்ட்வேர்.)

3.

மேலாளரை முதல் வரைவில் மேசையைக் குத்திக் கத்த வைத்தேன். படித்துக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். "அவரா? குரலே உயராது. எல்லாரோட பிறந்தநாளும் ஞாபகம் வச்சு கேக் வாங்கிட்டு வருவார்." அடித்துவிட்டு, மெதுவாகப் பேசுகிற மேலாளரை எழுதினேன். எழுதி முடித்தபோது கோபம் குறையவில்லை, ஏறியிருந்தது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

கையேடு ஒரே தாளில் அச்சாகி, மடிந்து, பதினாறு பக்கமாகும். புது மாடலுக்குப் படம் கூடியதால் பதினேழாம் பக்கத்தில் வழிந்துவிட்டது.

"இன்னொரு தாளெல்லாம் வேண்டாம்மா. எப்படியாவது அடக்குங்க."

"எழுத்தைச் சின்னது பண்ண மாட்டேன் சார். மாவுக் கையோட நின்னுக்கிட்டு, எட்டத்துல வச்சுப் படிப்பாங்க. முன்பக்கத்துல உங்க ஃபோட்டோ இருக்கே, அதைக் குறைக்கட்டுமா?"

"அது முதலாளி ஆசைப்பட்டுப் போடச் சொன்னதும்மா."

"அதுல நீங்க கால்வாசிதான் சார் இருக்கீங்க. மிச்சம் வானம்."

மேலாளரும் சிரித்தார். மறுநாள் அவளுக்கு மஞ்சள் காமாலை, படுத்த படுக்கை. மேலாளர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிடியாகப் பிடித்து, ஒரு டிக் போட்டார். எந்த டிக் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இங்குமங்கும் கிடந்த காலியிடமெல்லாம் அடைபட்டுக் கையேடு பதினாறு பக்கத்தில் அடங்கியது. எச்சரிக்கைப் பெட்டி தாளைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய், 'பெயின்ட் மங்காமலிருக்கச் சில யோசனைகள்' என்ற தலைப்பின் தலையில் உட்கார்ந்தது. வானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் தேறி வேலைக்குத் திரும்பிய காலையில் ஃபோன் அடித்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள எண், வேறு யாரும் எடுக்கப் பிரியப்படாததால், அவள் மேசையில்தான் அடிக்கும்.

"மெஷின் புத்தகம் போடுறவங்களா?" ஆண் குரல். "என் வீட்டுக்காரி பேக்கரியில புதுசா சேந்தாங்க. முதல் பக்கத்துல ஒண்ணு எழுதியிருக்கீங்களே, ஒரு படியைப் படிச்சு, அதைச் செஞ்சு முடிச்ச பிறகுதான் அடுத்ததைப் படிக்கணும்னு?"*

"ஆமாங்க."

"அவ அப்படியேதாங்க செஞ்சா. சொன்னதைச் சொன்ன மாதிரி செய்யற ஆளு. ரெண்டு விரல் போச்சு."

அவள் கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள்.

"பிளக்கைப் பிடுங்கச் சொல்லி ஒரு பெட்டி போட்டிருக்கீங்க, அடுத்த பக்கத்துல. பக்கத்தைத் திருப்பினது நான்தாங்க. ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து திருப்பினேன்."

* அந்த வரியை எழுதியவள் அவள். மக்கள் அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாதே என்று எழுதியது.

4.

விசாரணைக்கு ஆள் வரப்போகிறது என்றதும் மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன கோளாறுன்னு நாமளே பாத்துருவோம்மா."

அவள் நகல் எடுத்தாள். பாதியை வெட்டினாள். பெட்டி நகர்ந்தது. மறுபடி வெட்டினாள். நகர்ந்தது. படங்கள், அட்டவணை, மேலாளரின் வானம், எல்லாம் போயின. பக்கத்தின் அடியில் மூன்று படிகளும் ஒரு பெட்டியும் மிஞ்சின. பெட்டியை நழுவவிட அப்போதும் அந்தப் பக்கம் தயாராக இருந்தது.

"பாத்தீங்களா! சாஃப்ட்வேர்தான்."

அவள் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து டிக்கைக் காட்டினாள். எடுத்தாள். பெட்டி இரண்டாம் படிக்கு மேலே வந்து நின்றது. போட்டாள். போயிற்று. எடுத்தாள். வந்தது.

மேலாளர் திரையைச் சுட்டிக்காட்டினார். "அந்த டிக்கு சாஃப்ட்வேருக்கு உள்ளதானே இருக்கு?"

"சார்?"

"அது இருக்கப் போய்த்தானே யாரோ போட்டுட்டாங்க."

"யாரோவா?"

"ஃபைல் உங்க பேர்ல இருக்கும்மா." குரல் உயரவில்லை. "உங்களை மாட்டிவிடணும்னா ஒரு நிமிஷம் ஆகாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. சாஃப்ட்வேர் கோளாறுன்னு ஒரு கடிதம் தாங்க. உங்களுக்கும் கெட்ட பேரில்லை, எனக்கும் இல்லை, கம்பெனிக்கும் இல்லை."

"அந்தப் பொண்ணுக்கு?"

"பாவந்தான். யார் என்ன செய்ய முடியும்?"

"மத்த பேக்கரிக்கெல்லாம் போன கையேடு சார்? அதையெல்லாம் திரும்ப வாங்கணும்."

"அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்மா."

அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். பின்னால் பசை தடவிய தாள். பெட்டியை மட்டும் அச்சடித்திருந்தாள், வரிசை வரிசையாக. "அதுவரைக்கும் இதையாவது அனுப்புங்க. படி ரெண்டுக்கு மேல ஒட்டிக்கட்டும்."

மேலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். பொறுமையாக, இரண்டு தரம் படித்தார். "நல்லா இருக்கே. இன்னிக்கே எல்லாருக்கும் அனுப்பிடறேன். நீங்க அந்தக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

5.

இங்கே என் பேனா நின்றுவிட்டது. எழுதியதைப் படித்தால் எனக்கே உடம்பு எரிந்தது. எங்கிருந்து எரிகிறது என்று தெரியாமல் மேலே எழுத முடியாது. அவள் சொல்லித் தந்ததையே செய்தேன். கதைக்கு ஒரு நகல் எடுத்து வெட்டினேன்.

அடிபட்ட பெண் முதல் வரைவில் கையேட்டக்காவின் அண்ணி. வெட்டினேன். யாரோ ஒருத்தி ஆனாள். எரிச்சல் இருந்தது.

மேலாளருக்குச் சீக்காளிக் குழந்தை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன், பாவமாகத் தெரியட்டும் என்று. இருந்தது. குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் காமாலை, கேக், குட்டைக்கால் மேசை, புகார்க் கடிதம், நான். எல்லாவற்றையும் வெட்டினேன். இருந்தது.

இரண்டு விரலை ஒரு சிராய்ப்பாகக் குறைத்தேன். அப்போதும் இருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மிஞ்சியது இவ்வளவுதான்: பசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'நல்லா இருக்கே' என்கிற ஒருவர். அது கையைக் காப்பாற்றும் என்று அவருக்குத் தெரிகிறது. தெரிந்த அந்த நொடியிலேயே அதற்கு ஒரு விலை போடத் தோன்றுகிறது. இதற்குக் கீழே வெட்ட ஒன்றுமில்லை.

6.

முடிவுகள்.

அ) கையெழுத்துப் போடுகிறாள். பசைத்தாள்கள் போகின்றன. முகம் தெரியாத பல பேர் பத்து விரலோடு ரொட்டி சுடுகிறார்கள். விரல் போனவளின் புருஷனிடம் விசாரணைக்காரர் சொல்கிறார்: "சாஃப்ட்வேர் பண்ணினதுக்கு யாரைப் பிடிக்கிறதுப்பா?"

ஆ) கடிதத்தைக் கிழித்து எறிகிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், உங்களுக்குத் தட்டக் கை இருக்கிறது. பசைத்தாள்கள் இழுப்பறைக்குத் திரும்புகின்றன. இன்று எங்கோ ஒரு பேக்கரியில் ஒருத்தி முதல் படியைப் படித்து முடித்திருக்கிறாள்.

இ) மேலாளர் மனம் திருந்தி, கண் கலங்கி, அவள் இரு கைகளையும் பற்றி—

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

(அவளே தபாலில் அனுப்பிவிடலாமே என்று கேட்கிறீர்கள். பேக்கரிகளின் விலாசம் விற்பனைப் பிரிவில் இருக்கிறது. போய்க் கேட்டாள். "மேலாளர் சொன்னா உடனே தர்றோம் அக்கா" என்றார்கள். அவர்களும் மெதுவாகத்தான் பேசினார்கள்.)

கடைசியில் என்னதான் செய்தாய் என்று ஃபோனில் கேட்டேன்.

"நீங்கன்னா என்ன செய்வீங்க?"

"நான் எழுதறவன்தானே. நான் என்ன—"

"இப்ப நீங்களும் டிக்கைப் போட்டுட்டீங்க பாருங்க. அடுத்த பக்கத்துக்குத் தள்ளி விட்டாச்சு." வைத்துவிட்டாள்.

சரி. தள்ளித்தான் விடுகிறேன். அவள் மேசைக்குப் போங்கள். இடப்பக்கம் கடிதம், வலப்பக்கம் பசைத்தாள். மேலாளர் பேனாவை மூடி கழற்றி, மரியாதையாக, உங்கள் பக்கம் நீட்டுகிறார். குட்டைக்கால் மேசை ஆடுகிறது. ஃபோன் மறுபடி அடிக்கத் தொடங்குகிறது. யார் என்று தெரியாது. அடிபட்டவளின் புருஷனாக இருக்கலாம். இன்னொருத்தியின் புருஷனாகவும் இருக்கலாம்.

பேனாவையா, ஃபோனையா, எதை எடுக்கப் போகிறீர்கள்?

┌──────────────────────────┐
எச்சரிக்கை
'நிறுத்து' பொத்தான் இயந்திரத்தை நிறுத்தாது. சற்று நேரம் மட்டுமே தாமதிக்க வைக்கும். அது தானாக மீண்டும் ஓடும்.
மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கவும்.
└──────────────────────────┘