அழி, எல்லாம் அழி

கார் வாசலில் வந்து நின்ற பிறகும் மனைவி இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கை ஸ்டீயரிங்கில் இருந்தது. மறு கையின் விரல், வழி சொல்லும் கருவியின் திரைக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. திரையில் தெருக்கள் இருந்தன. அவள் குத்தி வைத்திருந்த சின்னச் சின்னக் கொடிகளில் ஒன்றுகூட இல்லை.

“எல்லாம் போச்சுங்க,” என்றாள். “டீச்சரை மட்டும்தான் எடுக்கப் பார்த்தேன்.”

அவள் வீடு வீடாகப் போகும் நர்ஸ். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு ஊசி போடுவதும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் கருவியில் ஒரு கொடி. கொடிக்கு அவளே வைத்த பெயர். ‘ரேடியோ தாத்தா’, ‘மாடிப்படி அம்மா’, ‘பின்கதவைத் தட்டு’. யாராவது இறந்துபோனால் அந்தக் கொடியை அன்றைக்கே எடுத்துவிடுவாள். டீச்சர் அன்று காலையில் இறந்திருந்தார்.

கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ‘அழி’, ‘எல்லாம் அழி’ என்று இரண்டு பொத்தான்கள். ஒரே அளவு, ஒரே நிறம், நடுவே நகம் நுழையாத இடைவெளி. எதை அழுத்தினாலும் அடுத்து வருவது ஒரே கேள்விதான்: ‘அழிக்கவா?’ டீச்சரை நினைத்துக்கொண்டு அவள் ‘ஆம்’ என்றிருக்கிறாள். கேஸ் அடுப்பின் குமிழைப் பாருங்கள். உள்ளே அழுத்திப் பிடித்தால்தான் திரும்பும். துணி பட்டோ முழங்கை இடித்தோ திறந்துகொள்ளாது. அடுப்பு செய்தவனுக்கு இருந்த அக்கறை இவனுக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“கன்ஃபர்ம் கேட்டிருக்குமே சார். மேடம்தான் ‘ஆம்’ அழுத்தியிருக்காங்க.”

“எதை அழிக்கணும்னு அது கேக்கலையேப்பா!”

“டிசைன் அப்படித்தான் சார். போனது போனதுதான். இப்ப புது மாடல் ஒண்ணு வந்திருக்கு, அதுல வந்து...”

வைத்துவிட்டேன்.

“ஆபீஸ்ல அட்ரஸ் எல்லாம் இருக்குமே?” என்று கேட்டது என் தப்பு.

“அட்ரஸ் இருக்கும். வாசல் இருக்குமா?” என்று பாய்ந்தாள். “ரேடியோ தாத்தாவுக்கு என் ஊசி போட்டப்புறம்தான் சாப்பாடு. நாளைக்குக் காலைல நான் சந்து சந்தாத் தேடிட்டிருந்தா, அவர் தட்டை முன்னாடி வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?”

நான் கருவியை உடனே அணைத்தேன். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அழிப்பது என்றால் இந்த யந்திரங்கள் உண்மையில் எதையும் அழிப்பதில்லை. வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, இந்த மனை காலி என்று எழுதிக்கொள்கின்றன, அவ்வளவுதான். வீடு அப்படியே நிற்கிறது. அதே இடத்தில் வேறொன்றைக் கட்டும்போதுதான் பழையது இடிபடும். ஆகவே எதையும் கட்டவிடாமல்...

“கம்ப்யூட்டர் பாடத்தை உங்க ஸ்கூல் பசங்களுக்கு நடத்துங்க. வருமா, வராதா?”

“வரும்.”

கருவிக்குள் இருந்த மெமரி கார்டை உருவி கம்ப்யூட்டரில் செருகினேன். முதலில் அதற்கு அச்சு அசலாக ஒரு நகல். அசலை நோண்டக் கூடாது. நகலில் எவ்வளவு வேண்டுமானாலும் தப்புச் செய்யலாம். பிறகு, பலகை இல்லாத வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராமை ஓடவிட்டேன். திரையில் ‘ரேடியோ தாத்தா’ வந்தார். ‘பின்கதவைத் தட்டு’ வந்தது. ஊரைக் கூட்டுவதுபோல் கத்தினேன். அவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“அப்பாடா,” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ‘டீச்சர்’. அதற்குப் பிறகு நான் கேள்விப்படாதவை. ‘வெத்தலைப் பெட்டி’. ‘பாதி மீசை’. ‘ஜன்னல் பையன்’.

தோளில் இருந்த கை விலகியது.

“இவங்களை எல்லாம் நான் எடுத்துட்டேனே.”

“கார்டுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. தெரிஞ்சு எடுத்தது, தெரியாம எடுத்ததுன்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்க...”

“அதுக்குத் தெரியாது சரி. உங்களுக்குமா? மொத்தமாக் கொண்டு வந்து என் முன்னாடி கொட்டினா? ஒருதடவை பண்ணினேனே, போதாதா?”

“நீ பேரைச் சொல்லு, நான் எடுத்துடறேன்.”

“நீங்க எடுக்க வேண்டாம். உங்களுக்கு அவங்களைத் தெரியாது.”

வந்த பெயர்கள் அத்தனையையும் அப்படியே கார்டில் திரும்ப ஏற்றிக் கருவிக்குள் செருகினேன்.

கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியவில்லை. பழைய ரகத் திரை அது. எது அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்டர் ஒட்டினால் அதன்மேல் விரல் பட்டாலும் அழுத்தம் உள்ளே போகும். குழிவான மூடியாக இருந்தால் போகாது. மருந்துப் புட்டி மூடி ஒன்றை ‘எல்லாம் அழி’ வரும் மூலைமேல் கவிழ்த்து, திரையில் படாமல் ஓரச் சட்டத்தோடு ஒட்டினேன். காரில் பொருத்திக் காட்டினேன்.

“மணி காட்டற இடத்தை மூடிட்டீங்க,” என்றாள். குரலில் கொஞ்சம் சூடு குறைந்திருந்தது.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். டீச்சரை எடுத்தாள். ‘பாதி மீசை’யை எடுத்தாள். ‘ஜன்னல் பையன்’ மேல் விரலை வைத்ததும் கருவி கேட்டது: ‘அழிக்கவா?’

அவள் எதையும் தொடவில்லை. பதில் வராவிட்டால் அந்தக் கேள்வி சற்று நேரத்தில் தானாக விலகிவிடும். விலகியது. திரையில், ஒரு தெருமுனையில் அந்தச் சிவப்புக் கொடி அப்படியே நின்றது. மறுபடி அதன்மேல் விரலை வைத்தாள். மறுபடி கேட்டது.