ஈசானிய மூலைத் தண்ணீர்

...அந்தத் துருப்பிடித்த கம்பியையே உருவிக் கதிர்வேலின் மண்டையில் போட்டிருக்க வேண்டும், மண்டை பிளக்கும்வரை, அப்போதாவது உள்ளே ஏதாவது இருந்ததா என்று தெரிந்திருக்கும், சிதம்பரம் பேருந்து ஆலப்பாக்கத்தில் நின்று கிளம்பியது, முன் இருக்கையை இறுக்கிப் பிடித்திருந்ததில் பிரிசில்லாவின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் இப்படியா நினைப்பாள்... நினைப்பாள், ஏன் நினைக்க மாட்டாள், காலையில் அந்த சன்ஷேடு இடிந்து விழுந்த சத்தத்தைக் கேட்ட எவளும் நினைப்பாள். வாட்ச்மேன் அய்யனார் கேட்டைத் திறக்கத்தான் வந்தான், மேலேயிருந்து கட்டிலளவு கான்கிரீட் பெயர்ந்து வந்து அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே கூழாக்கிவிட்டது, ரத்தத்துக்கு நடுவில் வெள்ளையாக எலும்பு, அதைப் பார்த்தபிறகும் கதிர்வேல் தன் காருக்கு அடிபட்டதா என்றுதான் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், அவன் காலையும் அந்தக் கல்லுக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும், மெதுவாக.

எல்லாம் அந்த ஈசானிய மூலையால் வந்தது. மாடித் தண்ணீர் தென்மேற்கில் இறங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எவனோ ஒரு வாஸ்துக்காரன் சொன்னானாம், எட்டு வீட்டுச் சங்கத்துக்குத் தலைவனான கதிர்வேல் உடனே தென்மேற்குக் குழாயை சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு வடகிழக்கில் ஓட்டை போட்டான், தளத்தின் வாட்டம் என்னவோ தென்மேற்காகத்தான் இருந்தது, தண்ணீர் என்ன வாஸ்துவா படித்திருக்கிறது, அடைத்த மூலையிலேயே தேங்கி, சுவரில் இறங்கி, சன்ஷேடுக்குள் ஊறி, கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி... செயலாளர் என்ற முறையில் அவள் சொல்லத்தான் செய்தாள், மாடியும் வெளிச்சுவரும் தனியார் சொத்தில்லை, பொது, பழுது பார்ப்பதும் இன்சூரன்ஸ் எடுப்பதும் சட்டப்படி சங்கத்தின் கடமை, யார்மேல் விழுந்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று. டீச்சர் இங்கேயும் வகுப்பெடுக்கிறார் என்று சிரித்தார்கள். சிரித்த வாய் ஒவ்வொன்றிலும் குத்து விட வேண்டும், பல்லெல்லாம் மாடிப்படியில் உருள வேண்டும்... சீ, என்ன மனசு இது?

பேருந்து ஏறுமுன் கதிர்வேல் போன் செய்தானே, அது அதைவிடக் கேவலம்.

"அவன் குடிச்சிட்டு சன்ஷேடு மேல ஏறுனான், அதோட சேந்து வுழுந்துட்டான்னு சொல்லிடுங்க டீச்சர். செக்ரட்டரி நீங்கதான், போலீஸ் உங்களத்தான் கேப்பாங்க. இல்லன்னா எட்டு வூடும் நஷ்டஈடு கட்டணும், கேஸும் உங்க பேர்லதான் வரும்."

போனுக்குள் கையை விட்டு அவன் குரல்வளையை நெரிக்கத் தோன்றியது, நெரித்தாளா, "பாக்கறேன் சார்" என்றாள். சார்! வெள்ளாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியபோது அவனைத் தலைமுடியோடு பிடித்து ஆற்றில் தள்ளினாள், மூச்சு அடங்கும்வரை மிதித்தாள், இருந்தும் அந்தச் சார் தொண்டையிலிருந்து இறங்கவில்லை, கேஸ் வந்தால் பள்ளிக்கூட வேலை என்ன ஆகும், மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் அம்மா கோர்ட்டில் நின்றால்... அய்யனார் குடித்து அவள் பார்த்ததே இல்லை.

அய்யனாரைச் சேர்த்திருந்த சிதம்பரம் ஆஸ்பத்திரியின் வார்டு வாசலில் அவன் பெண்டாட்டி சின்னம்மாள் நின்றிருந்தாள், இவளைக் கண்டதும் வேகமாக வந்தாள், அடிக்கப் போகிறாள், அடிக்கட்டும், கன்னம் பழுக்க அறையட்டும் என்று பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டாள், அடி விழுந்தால்கூட ஆறுதலாக இருக்கும், ஆனால் சின்னம்மாள் இவள் கையைத்தான் பிடித்தாள்.

"கால எடுத்துட்டாங்க டீச்சரம்மா. இனிமே சேர் போட்டு ஒக்காந்தாவது கேட்ட பாத்துக்குவாரு. வேலையவுட்டு மட்டும் நிறுத்திடாதீங்க."

அறைந்திருக்கலாம். இதற்கு அறைந்தே இருக்கலாம். வராண்டா கோடியிலிருந்து போலீஸ்காரர் வந்து, நீங்கதானே சங்கச் செயலாளர், எப்படிம்மா நடந்தது என்று சாதாரணமாகக் கேட்டார், பிரிசில்லா வாயைத் திறந்தாள், கடலூரிலிருந்து இதுவரை கதிர்வேலை எத்தனை விதமாகக் கொன்றிருப்பாள், இந்த மனிதரிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது, கையை விடாமலே சின்னம்மாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.