அரைப் பேர்

கோதுமை மாவின் விலை மூன்றாம் தடவை ஏறிய வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூரணியின் வலது கை தேயிலைச் செடியாகியிருந்தது. முழங்கை வரைக்கும் அவளுடைய தோல்தான். அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை, ஐந்து விரலும் ஐந்து கிளை, நுனியெல்லாம் துளிர். திம்புள்ளப் பக்கத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அன்று மழை இல்லை. லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவிலிருந்து மீனம்மா வந்து, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, நல்ல கொழுந்துதான் என்றாள். பிறகு அடுப்பை மூட்டி அவளே ரொட்டியையும் தட்டிக் கொடுத்தாள்.

கைக்காக அழ பூரணிக்கு நேரமில்லை. அவள் புருஷன் மாயாண்டிக்கு இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசு வாங்குவதில்லை; உள்ளே வைக்கும் கம்பிச் சுருளை மட்டும் வெளியே வாங்கி வரவேண்டும் என்று சொல்லி, ஓகஸ்ட் பதினொன்றாம் திகதியைக் கொடுத்திருந்தார்கள். சுருளுக்கான காசு பூரணியிடம் இருந்தது. இருபத்தேழு வருஷம் மலையேறி இறங்கிச் சேர்ந்த ஈ.பி.எஃப். சேமலாபக் காசு. ஆனால் அதை எடுக்கப் பொம்பிளைக்கு ஐம்பது வயதாக வேண்டும், அவளுக்கு நாற்பத்தைந்து. வைத்தியத்துக்கென்று ஒரு பங்கை முன்னாலேயே எடுக்க வழி இருந்தது. அதற்குக் கணக்கில் மூன்று லட்சம் இருக்க வேண்டும். தோட்டம் கைமாறிய வருஷங்களில் யாரும் அந்த நிதிக்குக் கட்டாமல் விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் குறைந்தது. நாலு தடவை, இரண்டு பஸ் மாறி, நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுன் காரியாலயத்துக்குப் போனாள். நாலாம் தடவை அந்த அதிகாரிக்கே மனசு இளகி, இனி ஆயுசுக்கும் வேலை செய்ய முடியாது என்று டாக்டர்மார் எழுதிக்கொடுத்தால் முழுசும் இப்போதே கிடைக்கும் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு வழி நெடுகக் கையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். எட்டாம் நாள் கை செடியானது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று லயத்தில் யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மூன்று டாக்டர்மார் கையைத் தட்டிப் பார்த்து, அளந்து, நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று எழுதினார்கள். மாயாண்டி பல மாசத்துக்குப் பிறகு சிரித்தான். "பாத்து நட புள்ள, கவ்வாத்து வெட்டுறவன் கண்ணுல பட்டுறாத" என்றான். அவனே தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியவன்தான். கடதாசி கொழும்புக்குப் போய் வர மூன்று மாசம் ஆகும், அதுவரைக்கும் தோட்டத்துச் செக்ரோலில், அந்தச் சம்பளப் பதிவேட்டில், ஒரு நாள்கூட உன் பேர் ஏறக்கூடாது என்று அதிகாரி சொல்லியனுப்பினார். பூரணி சாமிமேல் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

மே மாசம் மழை பிடித்தது. மலையெல்லாம் கொழுந்து வந்தது, கையிலும் வந்தது. ஏழாம் நாள் பறிக்கும் பக்குவம். பதினாலாம் நாள் இலை தடித்து முற்றத் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்கள், பெருக்காத வாசலைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாயாண்டியும் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டான். பதினெட்டு வயசிலிருந்து ஒரு பறிப்பு றவுண்டையும் தவறவிடாதவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை வாசலில் குந்தியிருந்தபோது இடது கை தானாகப் போய்ப் பறிக்கத் தொடங்கியது. முற்றலைக் கிள்ளி எறிந்து, இரண்டு இலையும் மொட்டுமாக, ஒன்றேகால் கிலோ. பறித்த கொழுந்தைக் குப்பையில் கொட்டிய ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லை. அன்றைக்கு மீனம்மாவுக்கு நிறுவை ஒரு கிலோ குறைந்தது. குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். பூரணி தன் கொழுந்தை அவள் சாக்கில் போட்டு விட்டாள்.

கொழுந்தை நிறுத்த கணக்குப்பிள்ளை பத்திநாதன் சாக்குக்குள் கையை விட்டதுமே இது வேறு கொழுந்து என்று கண்டுகொண்டார். யாருடையது என்று கேட்டதற்கு மீனம்மா பொய் சொல்லவில்லை. ஒருத்தி உழைப்பை இன்னொருத்தி பேரில் எழுதிப் பழக்கமில்லாத மனிதர் அவர். மீனம்மாவுக்கும் குறை வைக்காமல் முழுப் பேர் போட்டு, கீழே பூரணி, அரைப் பேர் என்று எழுதினார். சாயங்காலம் லயத்துக்கே வந்து சொன்னார்.

"ஒன் கொழுந்துக்கு ஒன் பேருதான் தங்கச்சி. நோயாளி இருக்கிற வீடு, அரைப் பேருன்னாலும் ஒதவும்ல."

பூரணி அவரைக் கும்பிட்டுப் பிளேன்டீ கொடுத்தனுப்பினாள். அவர் படியிறங்கிய பிறகுதான் மாயாண்டி கேட்டான்.

"செக்ரோல்லயா எழுதினாரு?"

ஜூன் கடைசியில், காசு கிடையாது என்று கடதாசி திரும்பி வந்தது. அதிகாரி மே மாசத்து அந்த அரைப் பேர் வரியை விரலால் தொட்டுக் காட்டினார், திட்டவில்லை. பத்திநாதன் தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய், அது தன் பிழை, அந்த வரியை அடித்துவிடுங்கள் என்று மன்றாடினார். மே மாசச் செக்ரோல் மூடி அனுப்பியாகிவிட்டது. துரை விளக்கமாக ஒரு கடிதம் எழுதினார்: கொழுந்து கொடுக்கிற கையை வேலை செய்யாத கை என்று தோட்டம் சொல்ல முடியாது. பத்திநாதன் அடுத்த மாசம் முழுக்க லயத்துப் பக்கம் வரவில்லை. ஓகஸ்ட் பதினொன்றாம் திகதி மற்ற நாட்களைப் போல வந்து போனது.

செப்டம்பரில் மாயாண்டியால் படுக்கவும் முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான். ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"பறிக்காம விட்டுருக்கலாம் புள்ள."

"முத்திப்போயிருக்கும்ங்க."

அவன் "அதுவும் சரிதான்" என்றான். சனிக்கிழமை செத்துப்போனான்.

இப்போது கீழ்ப்பிரிவில் வியாழக்கிழமை றவுண்ட் பூரணியின் வாசலில் தொடங்குகிறது. பூரணியின் இடது கை இப்போது அந்தப் பக்கம் போவதில்லை; மீனம்மா பறிப்பாள், அவளுக்கு முடியாத வாரம் வேறு யாராவது பறிப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் வலிக்குமா என்று கேட்டால் பூரணி இல்லை என்கிறாள். பத்திநாதன் அவளை நிமிர்ந்து பார்க்காமல் நிறுத்து, அரைப் பேர் எழுதுகிறார். வெயில் காலத்தில் முக்கால் கிலோ. மழைக்கு ஒன்றரை வரும்.