தூத்துக்குடியில் இன்னும் வெயில்

ரேடியோ "கொர்ர்ர்" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பெர்னாட் குமிழைத் திருகுகிறார், பெட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்புகிறார், பச்சைப் பிள்ளை மாதிரி மார்போடு அணைக்கிறார். ஊஹும். காலை பதினொரு மணிக்கு, மலாய் மண்ணில் அசாம் ஜாவா ஊரில் எங்கள் வரவேற்பறையில் அந்தக் கூத்து. எதிரே சுங்கை பெசாரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இருசப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்குள் போட்டிருப்பேன்.

எங்கள் மகன் இயனும் இருசப்பனின் மகள் துளசியும் விரும்புகிறார்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அவர்கள் இந்து. அதுகூடப் பெரிய பிரச்சினையாக இல்லை. என் வீட்டுக்காரர்தான் போன வாரம் இருசப்பனிடம் போனில் சும்மா இருக்காமல், "ராத்திரியானா நம்ம ரேடியோவுல தூத்துக்குடியே பேசும்ணே" என்று அளந்துவிட்டார். இருசப்பன் அதை மறக்கவில்லை. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எங்க, போடுங்க பாப்போம்" என்றார்.

நல்ல நேரம் பார்த்துக் காலையில்தான் வருவோம் என்று அவர்கள் சொன்னதால், நாங்கள் சனிக்கிழமை சாயந்திரப் பூசைக்கே போய்விட்டு இன்றைக்குக் கோழி வெட்டிக் காத்திருந்தோம். அந்த ரேடியோவுக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு என்று யாருக்குத் தெரியும்?

"பகல்ல வராதுண்ணே. சூரியன் வானத்துல ஒரு படலத்தை உண்டாக்கிடும். அது அலையை அப்படியே முழுங்கிடும். பக்கத்து ஸ்டேஷன்னா தரையோட ஊர்ந்து வந்துரும். தூரத்து ஸ்டேஷன் மேல போய்த்தான் வரணும். இருட்டினா அந்தப் படலம் போயிரும், இன்னும் மேல ஒண்ணு இருக்கு, அதுல பட்டு எகிறி இங்க வந்து விழும்" என்று விளக்கினார் என் வீட்டுக்காரர்.

"அப்ப உங்க பேச்சுக்குச் சூரியன்தான் சாட்சி சொல்லணும்லா" என்றார் இருசப்பன். பிறகு குரல் இறங்கியது. "மிஸ்டர் பெர்னாட், எம்பொண்ணு இந்த வீட்டுலயும் விளக்கேத்தி அவ சாமிய கும்புடலாம்னு வாக்கு குடுத்தீங்க. ரேடியோ விஷயத்துலயே அளக்கிறவரு, அந்த வாக்க மட்டும் காப்பாத்துவாருன்னு நான் எப்படி நம்புறது?"

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. இயன் தரையைப் பார்த்தான். அப்பனையும் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்த துளசி, சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது. அளக்கிறவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்த வாக்கை மீறியவர் இல்லையே! அதை நான் சொன்னால் யார் கேட்பார்கள், கட்டினவள்தானே.

சாப்பிட்டார்கள். மனக்கசப்பிலும் கோழிக்கறியை இரண்டு தடவை வாங்கினார் மனுஷன். சாயந்திரம் இருசப்பன் கிளம்ப எழுந்தபோது அவர் மனைவி காளியம்மா அசையவில்லை. "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சி. ஆறு மணி வரைக்கும் வாசலத் தாண்ட மாட்டேன்" என்று என்னோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டது. அந்தம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு மணியானதும் இருசப்பனே, "இருட்டட்டும். பாத்துட்டே போறேன். பொய்யின்னு தெரிஞ்சிட்டா மனசுக்கும் நிம்மதி" என்றார். இப்படியும் ஒரு பிடிவாதம்!

இருட்டியது. கொசு வந்தது. தூத்துக்குடி வரவில்லை. இந்தோனேசியாக்காரன் ஒருவன் மட்டும் நன்றாகப் பாடினான். ஏழரை மணிக்கு இருசப்பன், "போதும், கெளம்பு" என்று எழுந்தார். என் வீட்டுக்காரர் குமிழை விடவில்லை. "நேத்துக்கூட கேட்டேனே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"எத்தனை மணிக்குக் கேட்டீங்க, அங்கிள்?" காலையிலிருந்து வாயைத் திறக்காத துளசிதான் கேட்டது.

"படுக்கப் போறப்ப."

துளசி அப்பாவைப் பார்த்தது. "ப்பா, நமக்குத்தான் இருட்டு. தூத்துக்குடியில இப்ப மணி அஞ்சு. வெயில் அடிக்கும். அங்கயும் பொழுது சாயணும்ல?"

இருசப்பன் மகளையே பார்த்தார். அவள் எதற்காகக் கெஞ்சுகிறாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதா? "அப்ப தோசையாவது சுடச் சொல்லு" என்று உட்கார்ந்தார். காளியம்மா எனக்கு முன்னால் அடுப்படிக்கு ஓடியது.

மணி ஒன்பது தாண்டியிருந்தது, தோசை முடிந்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம். கூடத்தில் இரைச்சலுக்குள் ஏதோ புரண்டது. ஒரு பெண் குரல். தேய்ந்து, இல்லாமல் போய், மறுபடி எழுந்தது. தமிழ்! நான் ஈரக்கையோடு ஓடிவந்தேன். "தூத்துக்குடி" என்று ஒரு சொல் தெளிவாக வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கக்கூட பயந்து நின்றார். இருசப்பன் ரேடியோவை மடியில் வாங்கிக் காதை ஒட்டினார். அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அதுவரை அடுப்படி வெளிச்சத்திலேயே இருந்த கூடத்தில் நான் அவசரமாக டியூப் லைட்டைப் போட்டேன். அவ்வளவுதான், அந்த லைட்டின் இரைச்சல் 'கொர்ர்ர்' என்று குரலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

"ஐயோ!" இருசப்பன் கத்தினார். "சம்பந்தி, அந்த லைட்ட அணைங்க! ஃபேனையும் சேத்து அணைங்க!"

காளியம்மா என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் சுவரைத் தடவித் தடவி எல்லா சுவிட்சையும் அணைத்தார். வேர்வையில், கொசுக்கடியில், யாரும் யாரையும் பார்க்க முடியாத இருட்டில் ஆறு பேர் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். அந்தக் குரல் கடலுக்கு அப்பாலிருந்து மெல்ல மேலேறி வந்துகொண்டிருந்தது.