சுறா எண்ணெயும் கலியாணச் சட்டையும்

புளியங்கூடலைத் தாண்டும்போது சூசைப்பிள்ளையின் மோட்டார்ச் சைக்கிள் பெருஞ்சத்தம் போட்டது. சத்தம் மட்டும்தான் போட்டது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியும் வண்டி மாட்டுவண்டியைவிட மெதுவாக ஊர்ந்து, கடைசியில் ஒரு பூவரச மரத்தடியில் நின்றேவிட்டது. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அவன் மனைவி அருளம்மா, மடியிலிருந்த பொதியை இறுகப் பிடித்தபடி இறங்கினாள்.

பொதிக்குள் இருந்தது கலியாணச் சட்டை. மண்கும்பானில் பத்தரை மணிக்கு முகூர்த்தம். கூறைச் சேலையோடு மணப்பெண் போட வேண்டிய சட்டைக்குப் பட்டு வந்து சேர்ந்ததே முந்தாநாள்தான். ஊர்காவற்றுறையில் பத்து வருஷமாகத் தைக்கிற அருளம்மாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்த முதல் கலியாணத் தையல் இது. பெண்ணின் பெரியம்மா சீதேவிக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "நேரத்துக்கு வராட்டி என்ர அலுமாரியில பழசொண்டு கிடக்குது, அதைப் போட்டுவிடுவன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அப்படி மட்டும் நடந்தால் மண்கும்பானில் இனி ஒருத்தியும் அருளம்மாவிடம் துணி கொடுக்கமாட்டாள்.

காலையில் கடைசிக் கொக்கியைத் தைத்து முடித்ததும் அவள் மாட்டுவண்டிதான் பிடிக்கப் பார்த்தாள். சூசைப்பிள்ளை விட்டால்தானே! மலாயாப் பென்சன்காரர் ஒருவரிடம் அந்தப் பழைய சைக்கிளை வாங்கிய நாளிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் தெரியவில்லை. "அரை மணித்தியாலம். நீர் பொதியைப் பிடிச்சுக்கொண்டு குந்தும்" என்றான். சைக்கிளில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவன் சட்டம். தைக்கிற துணியை அவன் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். அதனால்தான் அந்த வீட்டில் சண்டை குறைவு.

இப்போது மணி ஒன்பது. தெருவில் ஒரு வண்டி இல்லை.

"எஞ்சின் ஓடுது, சில்லுத்தான் சுத்துதில்லை" என்றான் சூசைப்பிள்ளை, வியர்த்து வடிய. "இனி யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேணும்."

அருளம்மா மூக்கைச் சுளித்தாள். மீன் பொரிக்கிற மணம் அடித்தது.

"இதுக்கு என்ன எண்ணெய் விட்டனீங்கள்?"

"சுறா எண்ணெய்தான். உப்புக்காத்துக்கு இரும்பு கறள் பிடியாமல் இருக்க வேணுமெல்லோ? தோணிக்கு எங்கட ஐயா அதைத்தானே பூசிறவர்."

"இந்த மூடிக்குள்ளயுமோ?" என்று எஞ்சின் பக்கத்திலிருந்த வட்ட மூடியைக் காட்டினாள்.

"கிளச்சுக்குள்ளயோ? அதுக்குள்ளதான் கனக்க விட்டனான்!" என்றான் பெருமையோடு.

அருளம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவளுடைய தையல் மெசினுக்கும் ஒருமுறை இதே வருத்தம் வந்திருக்கிறது. பட்டியில் எண்ணெய் பட்டு, மிதிக்க மிதிக்கக் கீழ்ச்சில்லு சுற்றியதே தவிர மேற்சில்லு அசையவில்லை. பட்டியைத் துடைத்ததும் ஓடியது. ஒன்றை ஒன்று இறுகப் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க்கு என்ன வேலை?

"இஞ்சருங்கோ, கையைத் துடைச்சுப்போட்டு இதைப் பிடியுங்கோ. நிலத்தில வைக்கக் கூடாது."

"நானோ?" பத்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு தையல் பொதி அவன் கைக்கு வந்திருந்தது. "அப்ப சைக்கிள்?"

"அதை நான் பாக்கிறன்."

மெசினுக்கென்று எப்போதும் பையில் கிடக்கும் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினாள். ஐந்து திருகாணிகள், ஐந்து சுருள்கம்பிகள், அவற்றின் பின்னே தக்கை பதித்த தட்டுகள். தக்கையெல்லாம் எண்ணெயில் மினுங்கின. பெற்றோலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "துணி தாங்கோ" என்றாள். துணி ஏது? அவள் கண் அவன் தோளிலிருந்த சரிகைக்கரைச் சால்வையில் போய் நின்றது.

"ஐயோ, இது கலியாணத்துக்கெண்டு எடுத்தது!"

"சட்டையும் கலியாணத்துக்குத்தான்."

சால்வை இரண்டாகக் கிழிந்தது. பாதியால் கழுவினாள், பாதியால் துடைத்தாள். தட்டுகளைத் திரும்ப அடுக்கி, திருகாணிகளை முடிந்த மட்டும் இறுக்கினாள். அவன் பொதியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எஞ்சினை உதைத்தான். கிளச்சை அமத்தியபடியே அவள் கியரைப் போட்டதும், வண்டி முன்னே ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றுவிட்டது.

"போச்சு!" என்றான்.

"போகேல்லை. இறுக்கம் கூடிப்போச்சு. நூலை இப்பிடி இறுக்கினா அறுந்துபோகும்." ஒவ்வொன்றையும் சரியாக அரைச் சுற்றுத் தளர்த்தினாள், ஒன்றும் கூடாமல் குறையாமல். பிறகு கைப்பிடியிலிருந்து கிளச்சுக்குப் போகும் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். அது வீணைத் தந்திபோல விறைத்திருந்தது.

"அது விறைப்பாத்தான் இருக்க வேணும், நான்தான் இழுத்துக் கட்டினனான்."

"அப்ப நீங்கள் எந்நேரமும் கிளச்சைப் பாதி அமத்தினபடிதான் ஓடியிருக்கிறியள்." ஓர் அரிசிமணி அளவு தளர விட்டுக் கட்டினாள். அவன் எஞ்சினை மறுபடி உதைத்தான்.

இந்த முறை வண்டி வழுக்காமல் புறப்பட்டது. அவளுடைய கை முழங்கைவரை கறுப்பு என்பதால் பொதி அவன் சேட்டுக்குள், நெஞ்சோடு போனது. மண்கும்பான் மணலில் மாடுகளே திணறும். சில்லு புதைந்து வண்டி ஆடியபோது அருளம்மா கூச்சத்தை மறந்து அவன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கிளச்சு விடவில்லை. அவளும் விடவில்லை. அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

பத்தேகாலுக்குக் கலியாண வீட்டுப் படலையில் இறங்கினார்கள். சீதேவி பழைய சட்டையோடு விறாந்தையில் நின்றாள். அருளம்மாவின் கைகளைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"உந்தக் கையாலயோ பிள்ளை பட்டுத் தைச்சனீர்?"

"உதாலதான் அக்கா. இப்ப நான் தொடமாட்டன். நீங்களே பிரிச்சுப் போட்டுவிடுங்கோ."

சூசைப்பிள்ளை பொதியை எடுத்து நீட்டினான். சீதேவி உள்ளே போனாள். பந்தலில் நின்ற ஆண்கள் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டார்கள். வழியில் நின்ற கதையை அவன் கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடித்ததும், தம்பையா என்ற மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டார்: "அப்ப ஆர் திருத்தினது? நீரோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். சூசைப்பிள்ளை திரும்பி நின்று முதுகைக் காட்டினான். வெள்ளைச் சேட்டில் இரண்டு கறுத்தக் கைகள், பத்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன.

"என்ர மனிசி" என்றான்.

பந்தலில் சிரிப்பு அடங்குமுன் சீதேவி வெளியே வந்தாள். பழைய சட்டை அவள் கையில் இல்லை. அந்த முதுகைப் பார்த்தாள், பிறகு அருளம்மாவைப் பார்த்தாள்.

"கிணத்தடியில புளியும் சாம்பலும் கிடக்குது. கையை நல்லாத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு வாரும் பிள்ளை" என்றாள். "தை மாதம் என்ர சின்னவளுக்குக் கலியாணம். இண்டைக்கே அளவெடுக்க வேணும்."