கோதுமை நாட்டுக் கூலி

சர்தார் பூட்ஸைக் கழற்றி, காலுறைகளை அதற்குள் திணித்து, ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாய்க்கால் கரையில் ஏறினார். மரத்தடியில் அரிவாளும் கையுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் அவருடைய தலைப்பாகையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ‘முழுச் சேலை ஒண்ணு போயிருக்கும்டி’ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். என்ன சொல்கிறார்கள் என்று சர்தார் ஆங்கிலத்தில் கேட்டார். வரவேற்கிறார்கள் என்றார் காயாரோகணம்.

சர்தார் குர்பச்சன் சிங் லூதியானாவில் கல்லூரி ஆசிரியர். கோதுமை விளையும் ஜில்லா ஒன்றையும் நெல் விளையும் ஜில்லா ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மண், மழை, ஆற்றுத் தண்ணீர், கூலி, வருஷத்தில் எத்தனை மாதம் வேலை என்று ஒப்பிட்டு எழுத வந்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று விவசாய ஆபீஸில் தேடியபோது காயாரோகணத்தின் பெயர் அடிபட்டது. குடவாசலுக்குப் பக்கத்தில் உத்திராபதி பிள்ளை நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவர் பதினோரு வருஷமாகப் பூகோளம் நடத்துகிறார். சென்னைக்கு வடக்கே கால் வைத்ததில்லை. இரண்டு நாள் ஜீப்பில் சுற்றியதில், பஞ்சாபின் மார்கழிக் குளிரையும் பனி உருகி வரும் ஆறுகளையும் பற்றித் தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சரிதான் என்று தெரிந்து அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மூன்றாம் நாள்தான் பிள்ளையின் வயலுக்கு வந்தார்கள். அங்கே குறுவை நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அரிவாள் இறங்கி மூன்று நாளாயிருக்க வேண்டும், இறங்கவில்லை. அறுத்து அளக்கும் ஒவ்வொரு கலத்துக்கும் கூலியில் அரை லிட்டர் நெல் கூடுதலாகக் கொடுத்தால்தான் அறுப்பது என்று சேரிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். புது ஆட்சி வந்து ஒன்றரை வருஷமாகியும் கூலி விஷயம் ஊருக்கு ஊர் சண்டையாகத்தான் இருந்தது. பிள்ளை போட்டிருந்தது ஆடுதுறை இருபத்தேழு என்ற நெல் ரகம். சீக்கிரம் விளையும், ஆனால் விளைந்த கதிரில் மழை விழுந்தால் வயலிலேயே முளைத்துவிடும். ஐப்பசி பிறந்து கிழக்கே மேகம் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் பிள்ளை இறங்கி வருவார் என்று பெண்களுக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முந்தின நாளிலிருந்தே சில வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

பிள்ளை நாலு முழம் தள்ளிக் குடையோடு நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று காயாரோகணத்திடம் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. காயாரோகணம் பின்னால் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தது இதைத்தான்.

சர்தார் கேட்டதற்கெல்லாம் அமிர்தம் என்பவள் பதில் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். ஆறு மாதம் வேலை, மற்ற மாதங்களில் நண்டும் நத்தையும்தான் என்றாள். அதைக் காயாரோகணம் அப்படியே சொன்னார். பிறகு அவள் தன் பங்குக்குக் கேட்டாள்.

‘சார், இவரு ஊர்லயும் எங்கள மாதிரி அறுப்பறுக்குறவங்க இருப்பாங்கல்ல? அவங்களுக்கு என்ன குடுக்குறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.’

சர்தாருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. அங்கே அறுவடை நாளில் ஆள் கிடைக்காது என்றார். நிலக்காரர்களே ரயிலடிக்குப் போய்க் காத்திருந்து, கிழக்கேயிருந்து வருகிற ஆட்களைக் கூட்டிவருவார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு தடவை டீ. கூலியும் இங்கே கொடுப்பதைப் போல இரண்டு பங்குக்கு மேலிருக்கும். கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்துவிட்டு, சொல்லுங்கள் என்பது போலக் காயாரோகணத்தைப் பார்த்தார்.

குடை லேசாகத் திரும்பியது. அவ்வளவுதான்.

‘அங்கயும் இதே கததான்’ என்றார் காயாரோகணம். ‘இங்க குடுக்குறதுதான் அங்கயும்.’

நான் இவ்வளவு நேரம் பேசினேனே, தமிழில் இத்தனை சின்னதாகவா வரும் என்று சர்தார் சிரித்துக்கொண்டே கேட்டார். தமிழ் சுருக்கமான மொழி என்று காயாரோகணம் பதில் சொன்னார். சர்தார் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அமிர்தம் அரிவாள் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ‘அப்ப நாடு பூரா இப்படித்தானா’ என்றாள், யாரிடமும் அல்லாமல்.

மறுநாள் விடியும்போதே பெண்கள் பழைய கூலிக்கு வயலில் இறங்கிவிட்டார்கள். சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து, ‘என்ன வாத்தியாரே, அந்தத் தலப்பாக்கட்டு நல்ல மனுசன்தான், உள்ளத உள்ளபடி சொல்லிட்டாரு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் நம்பியிருந்தார். மண்ணும் மழையும் வேறான இரண்டு சீமைகளின் கூலியை ஒப்பிடுவதே தவறு, அரிசி விலை வேறு, கோதுமை விலை வேறு என்று காயாரோகணம் தனக்குத்தானே பாடம் நடத்திப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அமிர்தம் கேட்டது அதையல்ல.

கடைசிக் கட்டு களத்துக்குப் போன மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் போன பிறகு, காயாரோகணம் மட்டும் மழை விடட்டும் என்று வகுப்பில் இருந்தார். சாலையில் ஓடி வந்த ஒருத்தி ஓட்டுச் சாய்ப்பின் கீழ் ஒதுங்கினாள். அமிர்தம். இடுப்பில் கூலி நெல் மூட்டை.

‘உள்ள வா’ என்றார்.

‘இருக்கட்டும் சார். காலெல்லாம் சேறு.’ பிறகு அவளாகவே சொன்னாள். ‘நல்லவேள அன்னிக்குச் சொன்னீங்க. இல்லன்னா வீம்புக்கு ஒக்காந்து புள்ளைங்கள பட்டினி போட்டிருப்போம்.’

காயாரோகணம் வாயைத் திறந்தார். பிள்ளை இல்லை, குடை இல்லை, ஊரில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை.

‘அங்கயும் இப்ப மழையா சார்? பாவம், அவளுவோ எங்க ஒதுங்குவாளுவோ?’

‘இல்ல’ என்றார் அவர். ‘அங்க இப்ப மழ கெடையாது. கோதும வெதைக்கப் போற நேரம்.’

அவள் ஆசையாகக் கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். கார்த்திகையில் முளை வரும், தையில் இலைமேல் பனி வெள்ளையாகக் கட்டியிருக்கும், இந்த மாதிரி மேகம் அங்கே வராது, தூரத்து மலையில் பனி உருகித்தான் ஆறு வரும். ஒவ்வொன்றும் உண்மை. அமிர்தம் சாரலுக்கு முதுகைக் கொடுத்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த ஊரைக் கண்ணால் பார்ப்பவளைப் போல நின்றாள். அவளுக்குப் பின்னால் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.